ஒன்பதாம் இலக்கம் நானல்ல

1

எனக்கு எழுபது வயது நிறைந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ரிஸ்னா தந்த பரிசு நாலு நிமிடம் ஓடக்கூடியது. மெல்பேர்னின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிற அவளுடைய வீட்டில் இருபது பேர் வரை கூடியிருந்தோம். பகல் சாப்பாடு முடிந்து, வட்டிலப்பமும் முடிந்து, ஆட்கள் கதிரைகளில் சாயத் தொடங்கிய நேரம். "வாப்பா, டீவியைப் பாருங்க" என்றாள்.

நிறம் மங்கிய பழைய படம். சத்தம் கிடையாது. சீமெந்துத் தரையில் ஒரு கூடைப்பந்து மைதானம், பின்னால் மாரா மரங்கள், அதற்கும் பின்னால் ஹந்தானை மலையின் சரிவு. புல் மேட்டில் வெள்ளைச் சட்டை போட்ட மாணவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் நான் படித்த பல்கலைக்கழகம். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஆண்கள் அணியும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பல்கலைக்கழக அணியும் ஆடுகின்றன. எங்கள் பக்கத்தில் ஒல்லியான ஒருவன், முதுகில் 9 என்று தைத்த ஜேர்சியோடு, தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து பந்தைக் கூடைக்குள் போடுகிறான். திரும்பவும் போடுகிறான். மூன்றாவது தடவை உடம்பை ஒரு பக்கம் வளைத்து, பார்க்காமலே போடுகிறான். படத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது: எம். நஸீர், இலக்கம் ஒன்பது.

நான்தான் எம். நஸீர்.

எல்லாரும் கைதட்டினார்கள். பேரன் இம்ரான் சோபாவின் மேல் ஏறி நின்று விசிலடித்தான். ரிஸ்னா என் பழைய படங்களைத் தேடி, என் பெயரை இணையத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த அவுஸ்திரேலிய அணியின் முகாமையாளர் ஒரு சினிக் கமராவால் எடுத்த படச்சுருளை, இந்த நகரத்திலேயே இருக்கும் அவர்களுடைய பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் கணினிக்கு மாற்றி, ஒரு பகுதியைப் பொதுப் பார்வைக்கு விட்டிருந்தது. ஆட்டத்தன்று அச்சிட்ட நிகழ்ச்சித் தாளைப் பார்த்துப் பெயர்களைப் போட்டிருந்தார்கள்.

ரிஸ்னா வந்து கட்டிப்பிடித்தாள். "சந்தோஷமா வாப்பா?"

"சந்தோஷம் மகள்" என்றேன்.

அது நானில்லை என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் கேக்கை வெட்டினேன்.

2

படத்தில் ஆடியவன் வேலாயுதம். நாங்கள் வேலு என்போம். அவனுடைய அப்பா மாரிமுத்து கண்டி மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கிற வேலை. வீடு மகியாவையில். நான் கட்டுகஸ்தோட்டை, பாலத்தடியில் வாப்பாவுக்கு ஹார்ட்வெயார் கடை. நானும் வேலுவும் ஒரே வருடம் கெம்பஸுக்குள் போனோம், விஞ்ஞான பீடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. பின்னேரம் இருவரும் மைதானத்துக்குப் போவோம். ஒரு வித்தியாசம். நான் விளையாடுவேன். அவன் விளையாடினால் மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அவுஸ்திரேலிய அணி வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் பயிற்றுநர் பன்னிரண்டு பேரின் பெயரைக் கொழும்பு விளையாட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார். வெளிநாட்டு அணியோடு ஆடுகிற படியால் எல்லாரும் இலங்கைப் பிரஜைகள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. என் வாப்பா, அவருடைய வாப்பா இரண்டு பேரும் கட்டுகஸ்தோட்டையில் பிறந்ததற்குப் பத்திரம் இருந்தது. அதைக் கொடுத்தேன். வேலுவின் அப்பா பிறந்ததும் கண்டியில்தான். ஆனால் அதைச் சொல்லும் பத்திரம் இல்லை. பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு தள்ளுபடியாகியிருந்தது. சட்டப்படி அந்தக் குடும்பத்துக்கு இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. வேலுவின் பெயரை வெட்டிவிட்டு பதினொரு பெயர்களோடு பட்டியல் திரும்பி வந்தது.

பயிற்றுநர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார். வேலு அதை வாசித்தான். பிறகு என்னிடம், "சரிடா, நான் பந்து பொறுக்கிப் போடுறேன்" என்றான். சொன்னபடியே அந்த வாரம் முழுக்கப் பயிற்சிக்கு வந்து பந்து பொறுக்கிப் போட்டான்.

ஆட்டத்துக்கு மூன்று நாளைக்கு முன் என் முழங்கால் பிசகியது. காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. நிகழ்ச்சித் தாள் அச்சாகிவிட்டது, ஒன்பதாம் இலக்கம் எம். நஸீர் என்று. விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மறுநாள் வேலு வந்தபோது ஜேர்சியை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"என் பேரில நீ ஆடு."

"பிடிபட்டா?"

"கொழும்புக்காரன் யாருக்கு என்ட மூஞ்சி தெரியும்? கோச் சேர்ட்ட கேட்டுட்டேன். தனக்கு ஒண்ணும் காதில விழல்ல எண்டாரு."

வேலு ஜேர்சியை விரித்துப் பார்த்தான். "உன் பேரில உங்க வாப்பா பேருமில்ல இருக்கு" என்றான். எம் என்பது மஹ்மூத், என் வாப்பா.

"அவருக்கு ஒரு குறையும் வராது. நீ போய் அடி."

அடித்தான். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு புள்ளியால் தோற்றோம். மறுநாள் பத்திரிகையில் வென்றவர்களைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மிச்சமெல்லாம் ஒன்பதாம் இலக்கத்தைப் பற்றி. நஸீர், நஸீர் என்று ஐந்து இடத்தில் வந்திருந்தது. வாப்பா அதை வெட்டிக் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். "வாப்பா, அது நானில்ல" என்று அவருக்கு மட்டும் சொன்னேன். "பேர் என்ட பேர்தானே" என்று சிரித்தார். கழற்றவில்லை.

அதுவரை நடந்ததில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

3

வெட்கப்பட வேண்டியது அதற்குப் பிறகு.

பட்டம் முடிந்ததும் கண்டியில் ஒரு வங்கிக்கு விண்ணப்பித்தேன். விளையாட்டுக்காரர்களுக்கு அங்கே தனிக் கவனிப்பு உண்டு. நேர்முகத்தில் நடுவில் இருந்தவர் என் கோவையைத் திறக்கவேயில்லை. "நீங்கதானே அந்த நஸீர்? பேப்பரில் வாசித்தேன்" என்றார் ஆங்கிலத்தில். நான் சிரித்தேன். அவர் கேட்ட கேள்விக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது.

வங்கி அணிக்கு ஆடக் கூப்பிட்டார்கள். பழைய முழங்கால் காயம் என்றேன். காயம் ஆறு மாதத்தில் ஆறியிருந்தது. நான் இரண்டு வருடம் வேண்டுமென்றே கொஞ்சம் நொண்டினேன். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். சில நாட்களில் எந்தக் கால் என்று எனக்கே மறந்துபோகும்.

ஒருநாள் வேலு வங்கிக்கு வந்தான். முதல் வகுப்பில் சித்தியடைந்தவன். அரசாங்க வேலைக்கெல்லாம் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள், அவனிடம் இல்லை. பல்லேகலயில் ஒரு தனியார் தொழிற்சாலையில் களஞ்சியக் காப்பாளர் வேலைக்குப் போட்டிருந்தான். அதற்கு ஒரு நற்சான்றிதழில் வங்கி உத்தியோகத்தர் யாராவது கையெழுத்து வைக்கவேண்டும். நான் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது முகாமையாளர் அந்தப் பக்கமாக வந்தார்.

"கெம்பஸ் கூட்டாளியா? அப்ப இவருடைய அந்தப் பெரிய ஆட்டத்தைப் பார்த்திருப்பீங்களே?"

நான் பேனையை இறுக்கிப் பிடித்தேன். வேலு எழுந்து நின்றான். "பாத்திருக்கேன் சார். நல்லா விளையாடினாரு" என்றான்.

பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேன் நஸீர்" என்று சொல்லிவிட்டுப் போனான். எப்போதும் மச்சான் என்பவன், அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. அதுதான் நான் அவனைக் கடைசியாகக் கண்டது. அந்த வங்கி அனுபவத்தைக் காட்டித்தான் சில வருடங்களில் எனக்கு இந்த நாட்டு விசா கிடைத்தது. வீடு, பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் எல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

இங்கே குடியேறிய எங்களுக்குள் ஒரு சௌகரியம் உண்டு. ஊரில் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் பெரிய ஆட்களாக இருந்திருக்கிறோம். ஒருவருக்குப் பெரிய தோட்டம் இருந்தது. இன்னொருவர் அமைச்சரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். சரிபார்க்க ஆளில்லை. நான் கூடைப்பந்தில் நட்சத்திரம் என்பது இங்கே கண்டிக்காரர்கள் கூடுகிற இடங்களில் முப்பது வருடமாக உலவுகிற கதை. நானாகத் தொடங்கவில்லை, நானாக நிறுத்தவும் இல்லை.

4

பிறந்தநாளுக்கு அடுத்த நாள் காலை வழமைபோல நடக்கப் போனேன். எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய விளையாட்டுத் திடல், அதைச் சுற்றி இரண்டு தடவை நடப்பேன். அன்றைக்கு நாலு தடவை நடந்தேன். திரும்பி வரும்போது முடிவெடுத்திருந்தேன்.

மனைவி பரீதா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நேத்து அந்தப் படம் கண்டி ஆட்கள் எல்லாரிட போனுக்கும் போயிட்டு. இப்ப போய் அது நான் இல்ல எண்டு செல்லப் போறீங்களா? எழுபது வயசில?"

"எண்பதில செல்றது இன்னும் கஷ்டம்."

"ஆருக்கு என்ன நட்டம்? அந்த மனிசன் உசிரோட ஈக்காரோ தெரியா."

"அதையும் தேடத்தான் போறேன்."

அவள் என்னை நேரே பார்த்தாள். "நாப்பத்தஞ்சு வருஷம் எனக்கும் செல்லல்லயே நீங்க" என்றாள். அன்றைக்கு மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை.

பின்னேரம் ரிஸ்னா வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கோபம் வேறு மாதிரி. "நான் ஆசையாத் தேடி எடுத்தது. அங்கயே செல்லியிருக்கலாமே வாப்பா" என்றாள், பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். எங்கள் பிள்ளைகளின் கோபம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும். இரண்டாவது வசனத்துக்குப் பிறகு நான் பின்னால் ஓடவேண்டியிருக்கும்.

பதினாலு வயது இம்ரான் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு விளங்கட்டும் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். வேலுவுக்கு நாடில்லை, அதாவது அவன் ஸ்டேட்லெஸ், அதனால்தான் ஆடவிடவில்லை என்று.

இம்ரான் தலையை ஆட்டினான். "ஓ, ஸ்டேட் டீமுக்கு எடுபடவில்லையா?"

அவனுக்கு ஸ்டேட் என்றால் விக்டோரியா மாநிலம். மாநில அணிக்குத் தெரிவாகாத ஒரு பையன் என்று நினைத்துவிட்டான். விளக்கிச் சொன்னேன். ஒரு ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே படித்து, அந்த ஊருக்குச் சொந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று.

"அப்ப அவருடைய பெயரைப் போடவேணும்" என்றான் தமிழில். அவன் வாயில் முழுத் தமிழ் வசனம் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

5

என் தம்பி இப்போதும் கட்டுகஸ்தோட்டைக் கடையை நடத்துகிறான். அவனிடம் விபரம் சொன்னேன். மகியாவையில் நாலு பேரைக் கேட்டுவிட்டு, பல்லேகலயில் கிரிக்கெட் மைதானத்துக்குப் போகிற வழியில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. அண்ணனை நானா என்பது எங்கள் வழக்கம். "நானா, ஆள் நல்ல சுகம். நம்பர் அனுப்பியிருக்கேன். ஆனா ஒங்கட பேரைச் சொன்னதும் சிரிக்கல்ல. அதையும் செல்லிட்டேன்."

அழைத்தேன்.

"யாரு?"

"வேலு, நான் நஸீர்."

"பேங்க் நஸீரா?"

கெம்பஸ் நஸீர் என்று அவன் கேட்கவில்லை. பேசவேண்டியதை எழுதி வைத்திருந்த கடதாசி மேசையில் இருந்தது, அதைப் பார்க்காமல் பேசினேன். படத்தைச் சொன்னேன், என் பெயர் போட்டிருப்பதைச் சொன்னேன், மாற்றப் போகிறேன் என்றேன். நேர்முகத்தில் சிரித்ததையும், நொண்டியதையும் சொன்னேன். நொண்டினேன் என்றபோது மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா இருமலா தெரியவில்லை.

"நீ பேரக் குடுத்ததுக்கு நான் இன்னைக்கும் உன்ன நல்லவன்னுதான் சொல்வேன்" என்றான் வேலு. "அத யாரும் எனக்குச் செய்யல. ஆனா பேங்க்ல என்னைய நிக்க வச்சு உன்னப் பத்திச் சொல்ல வச்ச பாரு. நீ வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா. இல்ல, அதுக்குப் பிறகாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். கட்டுகஸ்தோட்டையில இருந்து மகியாவைக்கு என்ன, கடலா குறுக்க இருந்துச்சு?"

"இல்ல."

"அப்பறம்தான கடலத் தாண்டுன."

"ஓம் வேலு. பிழை என்டதான்."

பிறகு, "அந்தப் படத்த எனக்கு அனுப்ப முடியுமா?" என்றான்.

அனுப்பினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து அவனே அழைத்தான். குரல் வேறு மாதிரி இருந்தது.

"பதினோரு தடவ பாத்துட்டேன். மச்சான், நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்?"

மச்சான் என்றான். நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வெள்ளக்காரன்களோட ஆடியிருக்கேன்னு எத்தன தடவ வீட்டில சொல்லியிருக்கேன் தெரியுமா? பேப்பர்ல பேரு இருக்கான்னு மூத்தவன் கேட்டான். வேற பேர்ல இருக்குன்னேன். சரிப்பா சரிப்பான்னு சிரிச்சிட்டுப் போயிட்டான். அதுக்கப்பறம் சொல்றத விட்டுட்டேன். இப்ப சம்சாரம் டீவி முன்னுக்கு உக்காந்திருக்கா. எந்திரிக்க மாட்டேங்கிறா."

பிரஜாவுரிமை அவனுக்கு நாற்பது வயதை நெருங்கும்போது கிடைத்ததாம். அதற்குள் அரசாங்க வேலைக்கு வயது போய்விட்டது. தொழிற்சாலைக் களஞ்சியத்திலேயே ஓய்வு பெற்றான்.

"என் பேரப் போட வை" என்றான். "அப்பா பேரையும் சேத்துப் போட வை. மாரிமுத்து. அவருக்கு இந்த ஊர்ல ஒரு இடத்திலயும் பேரு எழுதல."

6

காப்பகத்துக்கு எழுதினேன். ஹெலன் என்ற பெண் பதில் போட்டாள். மரியாதையான பதில். அச்சிட்ட ஒரு மூலத்தை வைத்துப் பதிந்த பெயரை, ஒருவர் சொன்னார் என்பதற்காக மாற்ற முடியாது, வழமையான இரண்டு படிவங்கள் உண்டு என்றாள். ஒன்று, அந்த ஆள் நானல்ல என்று நான் கொடுக்கிற சத்தியக் கடதாசி. மற்றது, படத்தில் இருப்பவர் தன் அடையாளத்தை உறுதிப்படுத்தி, அடையாளப் பத்திரம் ஒன்றின் பிரதியோடு அனுப்புவது.

இந்த நாட்டில் சத்தியக் கடதாசிக்கு பாமஸிக்காரரும் சாட்சிக் கையெழுத்து வைக்கலாம். என் இரத்த அழுத்த மாத்திரையைத் தருகிற இளம் பையனிடம் போனேன். வாசித்தான். 'கீழே குறிப்பிடப்படும் ஆட்டத்தில் நான் ஆடவில்லை என்று சத்தியமாக உறுதிப்படுத்துகிறேன்.' இன்னொரு தடவை வாசித்தான்.

"சேர், ஆடினேன் என்று உறுதிப்படுத்தவா? ஆடவில்லை என்றா?"

"ஆடவில்லை என்று."

"யாராவது உங்களைக் குற்றம் சாட்டுகிறார்களா?"

"இல்லை. பாராட்டுகிறார்கள்" என்றேன். கையெழுத்து வைத்தான்.

இரண்டாவது படிவத்தை வேலுவுக்கு அனுப்பினேன். அன்றைக்கே அழைத்தான். இந்தத் தடவை மச்சான் இல்லை.

"நஸீர், இது என்ன? ஐடென்டிட்டி கார்டோ பாஸ்போர்ட்டோ வேணுமாமே?"

"எல்லாருக்கும் உள்ள படிவம்தான். ஒரு போட்டோப் பிரதி எடுத்து அனுப்பினா முடிஞ்சிட்டு."

"அன்னைக்கு அந்த ஆட்டத்துக்குப் பேப்பர் கேட்டாங்க. என்கிட்ட இல்ல. இன்னைக்கு அதே ஆட்டத்துக்குத் திரும்பப் பேப்பர் கேக்கிறாங்க. இப்ப என்கிட்ட இருக்கு. கார்ட் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு, என் பிள்ளைகளுக்கும் இருக்கு. ஆனா தர மாட்டேன்."

"வேலு, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல. பந்த நான் போட்டேன், படத்தில இருக்கு. அத நான்தான் போட்டேன்னு சொல்றதுக்கு இன்னொரு தடவ வரிசையில நிக்க மாட்டேன். பேரு வராட்டி வராம போகட்டும்."

வைத்துவிட்டான்.

பரீதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அவர் செல்றது சரி. பத்திரம் தேடவேண்டியது நீங்க" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் என் பக்கம்.

தேடினோம். அலுமாரியின் மேல் தட்டிலிருந்த பழைய சூட்கேஸைக் கட்டிலில் கொட்டினோம். பட்டமளிப்புச் சான்றிதழ், முதல் விசா, வாப்பாவின் கடிதங்கள். கடைசியில் என் மாணவர் அடையாள அட்டை கிடைத்தது. அந்த வருடத்துப் படம் ஒட்டியது. காது இரண்டும் வெளியே தள்ளி, மெல்லிய மீசை. அது வேலுவின் முகமில்லை. ஆனால் படச்சுருளில் ஒன்பதாம் இலக்கத்தின் முகம் எங்கேயும் தெளிவாக விழவில்லை. நான் அவனில்லை என்பதற்கு இந்த அட்டை மட்டும் போதாது.

ஹெலனுக்கு எழுதினேன். இணையத்தில் இருப்பது நாலு நிமிடம்தானே, முழுச் சுருளையும் பார்க்கலாமா என்று. வரச் சொன்னாள்.

7

இரண்டு ரயில், ஒரு டிராம். ரிஸ்னா வேலைக்கு லீவு போட்டுவிட்டு கூட வந்தாள். நான் கேட்கவில்லை. டிராமில் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள்.

ஹெலனுக்கு முப்பது வயது இருக்கும். சின்ன அறை, பெரிய திரை. முழுச் சுருள் இருபத்திரண்டு நிமிடம். முதலில் அவர்களுடைய அணி கண்டி ஏரிக்கரையில் நிற்கிறது, யானையோடு படம் எடுக்கிறது, இளநீர் குடிக்கிறது. பிறகு ஆட்டம். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். அந்தச் சீமெந்துத் தரையில் எந்த மூலையில் வெடிப்பு இருந்தது என்றுகூட எனக்குத் தெரியும்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் கமராக்காரர் வேறு பக்கம் திரும்பினார். எங்கள் ஆட்கள் இருக்கிற வாங்கைக் காட்டினார். நாலு பேர். கடைசியில் ஒருவன் ஒரு காலை நீட்டி வைத்திருக்கிறான். முழங்காலில் பெரிய கட்டு. மடியில் துவாய்க் குவியல். காது இரண்டும் வெளியே தள்ளியிருக்கிறது.

"நிப்பாட்டுங்கள்" என்றாள் ரிஸ்னா.

ஹெலன் நிறுத்தினாள். நான் அடையாள அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படத்தை ஓடவிட்டாள். கமரா வாங்கிலிருந்து வெட்டாமல் அப்படியே மைதானத்துக்குத் திரும்பியது. ஒன்பதாம் இலக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான். ஒரே ஓட்டத்தில் வாங்கில் நானும் தரையில் அவனும்.

"ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது" என்றாள் ஹெலன். "அவர் ஒரு பத்திரமும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் சத்தியக் கடதாசியில் அவர் பெயர் இருக்கிறது. மற்றதைப் படம் சொல்கிறது."

ரிஸ்னா என் தோளில் கை வைத்தாள். நான் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். படம் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசி நிமிடம். எங்களுக்கு ஒரு புள்ளி குறைவு. வேலுவை ஒருவன் தள்ளி விழுத்துகிறான். நடுவர் கையைத் தூக்குகிறார். யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவதற்கு இரண்டு வாய்ப்பு. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி. வேலு கோட்டில் நிற்கிறான். புல் மேட்டில் ஒருவரும் அசையவில்லை. முதலாவது வளையத்தில் சுழன்று வெளியே விழுகிறது. இரண்டாவது வளையத்தைத் தொடவேயில்லை. மற்ற அணி துள்ளிக் குதிக்கிறது. வேலு அதே கோட்டில், தூக்கிய கையை இறக்காமல் நிற்கிறான். படம் அங்கே முடிந்தது.

ஐம்பது வருடம் இதை நான் எப்படி மறந்தேன்? இல்லை, மறக்கவில்லை. என் ஆட்டமாக அதை ஏற்றுக்கொண்டபோது இந்த இரண்டு எறிதலையும் வெட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஹெலன் கதிரையைத் திருப்பினாள். பெயரைத் திருத்துகிறபோது முழுச் சுருளையும் பொதுவில் விடுவது எங்கள் எண்ணம் என்றாள். "ஆனால் அந்த மனிதருக்குச் சங்கடம் என்றால் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம். கேட்டுச் சொல்லுங்கள்."

தாழ்வாரத்துக்கு வந்து அழைத்தேன். கண்டியில் அப்போது காலை. பத்திரம் தேவையில்லை என்று முதலில் சொன்னேன். "ம்" என்றான். பிறகு கடைசி நிமிடத்தைச் சொன்னேன். அவன் வீட்டுக்கு வெளியே ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது.

"ரெண்டாவது வளையத்தில பட்டுதா?"

"இல்ல."

"நான் பட்டுதுன்னே நெனச்சிட்டிருந்தேன்." மூச்சை இழுத்துவிட்டான். "நஸீர், அந்தப் பொண்ணுக்கிட்ட சொல்லு. முழுசாப் போடச் சொல்லு. ஒரு நொடி கூட வெட்ட வேணாம். போட்டதும் நான்தான், விட்டதும் நான்தான். நல்லதுக்கு மட்டும் பேரு கேக்கிறதுன்னா அதுக்கு நான் எதுக்கு?"

"பிள்ளைகள் பார்ப்பாங்க வேலு."

"பாக்கட்டும். பேரனுக்கு நானே காட்டுறேன். கையை எங்க தப்பா வச்சேன்னு சொல்லிக் குடுக்கிறேன்."

உள்ளே போனேன். ஹெலன் விசைப்பலகையில் கைவைத்துக் காத்திருந்தாள். முழுவதையும் போடலாம் என்றேன். படத்தின் அடியில் பெயரை எப்படிப் போடுவது, சொல்லுங்கள் என்றாள். வேலாயுதம் என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொன்னேன். பிறகு அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாரிமுத்து மகன் வேலாயுதம், மகியாவை, கண்டி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன்.